பொனேர் தீவில் ஒரு வாரம்: கரையிலிருந்தே பவளப்பாறை பார்க்க முழுமையான வழிகாட்டி

கரீபியன் விடுமுறை என்றதும் வெள்ளை மணலும் சாய்ந்த தென்னையும்தான் நினைவுக்கு வரும். அதுதான் வேண்டுமென்றால் அருபாவுக்கோ கிராண்ட் கேமனுக்கோ போய்விடுங்கள். பொனேர் உங்களை ஏமாற்றும். இங்கே கரை பெரும்பாலும் உடைந்த பவளத் துண்டும் கரடுமுரடான சுண்ணாம்புப் பாறையும்தான். தென்னையைவிடக் கள்ளி அதிகம், கழுதையும் அதிகம். ஆனால் சாலையோரம் வண்டியை நிறுத்தி, கரையில் இறங்கி, சில நிமிடம் நீந்தினால் உயிருள்ள பவளப்பாறைக்கு மேலே மிதப்பீர்கள். படகு பிடிக்க வேண்டாம், யாருடைய நேரத்துக்கும் காத்திருக்க வேண்டாம். ஓய்வு என்றால் எனக்கு இதுதான். காலை எத்தனை மணிக்கு எழுந்தாலும் கடல் அங்கேயே இருக்கும்.

வெனிசுவேலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது இந்தத் தீவு. அருபா, குரசாவ், பொனேர் என்ற மூன்று அண்டைத் தீவுகளில் கிழக்கே இருப்பது. 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆட்சி டச்சுக்காரர்களுடையது, ஆனால் 2011 முதல் கையில் புழங்குவது அமெரிக்க டாலர். வீட்டில் பேசுவது பபியமென்டு. கடையில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் தாராளமாகச் செல்லும்.

முதலில் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

பொனேரில் எல்லாவற்றையும் முடிவு செய்வது காற்றுதான். ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும். அதனால் கிழக்குக் கரையில் அலை மோதிக்கொண்டே இருக்கும். அங்கே நீந்த நினைக்கவே கூடாது. மேற்குக் கரை காற்று மறைவில் இருப்பதால் பல நாள் குளம் மாதிரி கிடக்கும். தலைநகர் கிராலெண்டைக், தங்கும் விடுதிகள், ஸ்நார்கெலிங் (கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் மாட்டி, வாயில் வைத்த குழாயால் மூச்சு விட்டபடி மிதந்து பார்ப்பது) இடங்கள் எல்லாமே அந்தப் பக்கம் அமைந்ததற்கு இதுதான் காரணம்.

இந்தக் காற்றுக்கு இன்னொரு முகம் உண்டு. வெயில் சுடுவது தெரியாது. பொனேர் இருப்பது ஏறக்குறைய 12 பாகை வட அட்சரேகையில், அதாவது புதுச்சேரி இருக்கும் அதே அளவில். நம்மூர் வெயில்தான், ஆனால் மேலே ஒரு விசிறி சுற்றிக்கொண்டே இருப்பதால் உடம்பு உணராது. குளிராகத்தானே இருக்கிறது என்று ஒரு மணி நேரம் குப்புற மிதந்தால் பின்கழுத்தும் முழங்காலின் பின்புறமும் அன்றிரவு எரியும். கருத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பது வெறும் நம்பிக்கை.

அரிதாகக் காற்று திசை மாறி மேற்கிலிருந்து வீசும். பெரும்பாலும் ஆண்டின் பிற்பாதியில், வடக்கே எங்கோ புயல் நகரும்போது இது நடக்கும். அன்று மேற்குக் கரையில் இறங்காதீர்கள். 1999 நவம்பரில் லெனி புயல் தொலைவில் கடந்தபோதே மேற்கிலிருந்து வந்த அலை ஆழம் குறைந்த பகுதிப் பவளங்களை நொறுக்கியது. அந்த உடைசல்களை இன்றும் கரையோரம் காணலாம்.

எப்போது போவது

கரீபியனின் வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் ஜூன் முதல் நவம்பர் வரையிலான புயல் பருவத்திலும் பொனேருக்குத் துணிந்து போகலாம். புயலே வராது என்று இதற்கு அர்த்தமில்லை, வாய்ப்பு குறைவு. கடல் நீர் ஆண்டு முழுவதும் 26 முதல் 29 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை உண்டு, ஆனால் நம் வடகிழக்குப் பருவமழையை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு சாரல், பிறகு வெயில். மழைக்குப் பிறகு கொசுதான் தொந்தரவு.

என் பரிந்துரை மே, ஜூன் மாதங்கள். உல்லாசக் கப்பல்களின் நெரிசல் காலம் ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பெரிய கப்பல் ஒன்று வந்தாலே சில ஆயிரம் பேர் இறங்கி நகரையும் அருகிலுள்ள கடற்கரைகளையும் நிறைத்துவிடுவார்கள். அந்தப் பருவத்தில்தான் விடுப்பு கிடைக்கிறதென்றால் கப்பல் வரும் தேதிகளை இணையத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, அந்த நாட்களில் வடக்கே போய்விடுங்கள்.

வசந்தத்திலும் கோடையிலும் சர்காசம் என்ற பழுப்புப் பாசி கரீபியன் கரைகளில் ஒதுங்கி நாறும். பொனேரில் அது கிழக்குக் கரையையும் லாக் விரிகுடாவையும்தான் பெரிதும் தாக்கும். மேற்கு பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. இதற்கும் அதே காற்றுதான் காரணம்.

விசா, விமானம், வரி

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நெதர்லாந்தின் பகுதிதானே, ஷெங்கன் விசா போதும் என்று நினைத்துவிடக் கூடாது. டச்சுக் கரீபியன் தீவுகளுக்கென்று தனியாக ஒரு விசா இருக்கிறது. அந்த ஒரே விசாவில் அருபா, குரசாவ், பொனேர் என எல்லாத் தீவுகளுக்கும் போகலாம். சில வகை விசாவோ வதிவுரிமை அட்டையோ வைத்திருப்பவர்களுக்கு விலக்கும் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்பதை டச்சுத் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்து உறுதி செய்த பிறகே டிக்கெட் எடுங்கள். அமெரிக்கா வழியாகப் போவதென்றால், வெறும் விமானம் மாறுவதற்கும் அமெரிக்க விசா தேவை.

ஃபிளமிங்கோ விமான நிலையத்துக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் மயாமி, அட்லாண்டா, ஹூஸ்டன் போன்ற அமெரிக்க நகரங்களிலிருந்தும் விமானங்கள் உண்டு. தினசரி எல்லா ஊரிலிருந்தும் கிடைக்காது, கிழமையைப் பொறுத்தது. நேரடி விமானம் அமையாவிட்டால் குரசாவ் வரை வந்து, அங்கிருந்து சிறிய விமானத்தில் தாவலாம். அரை மணிகூட ஆகாது. சன்னலோர இருக்கை கிடைத்தால் தீவின் தெற்கு முனையில் உப்பளங்கள் ரோஜா நிறத்தில் தெரியும். நியூ ஜெர்சியிலோ டொராண்டோவிலோ இருக்கும் தமிழர்களுக்கு இது ஒரு வார விடுப்பில் அடங்கும் பயணம். சென்னையிலிருந்து வருபவர்கள் போக வர மட்டும் முழுசாக நான்கு நாள் ஒதுக்க வேண்டும். பத்து நாளுக்குக் குறைவாக வருவதில் பொருளில்லை.

இரண்டு கட்டணங்களைக் கணக்கில் வையுங்கள். 2022 ஜூலை முதல் வெளியூர்க்காரர்களுக்கு நுழைவு வரி 75 டாலர், குழந்தைகளுக்குக் குறைவு. கடலில் இறங்குவதற்கு இயற்கைக் கட்டணம் தனி. 2023 முதல் அது 40 டாலர், அந்த நாட்காட்டி ஆண்டு முழுவதும் செல்லும். இரண்டையும் புறப்படும் முன்பே இணையத்தில் கட்டி, ரசீதைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். தொகை மாறலாம் என்பதால் கட்டும்போது அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். இயற்கைக் கட்டணம் கடல் பூங்காவைப் பராமரிக்கும் ஸ்டினாபா அமைப்புக்குப் போகிறது. நாம் பார்க்கப்போகும் பவளத்துக்கான செலவு அது, மனசாரக் கொடுக்கலாம்.

தங்குமிடமும் வண்டியும்

தங்குமிடம் தேடும்போது நீச்சல் குளம், காலைச் சிற்றுண்டி இவற்றைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். விடுதிக்கு முன்னாலேயே கடலில் இறங்க ஏணியோ மரத்துறையோ இருக்கிறதா? கிராலெண்டைக்கிலிருந்து வடக்கே போகும் கரையோரத்தில் இப்படிப் பல விடுதிகள் வரிசையாக உள்ளன. ஏணி வைத்த துறை இருந்தால், பாறையில் தடுமாறாமல் காலைக் காப்பிக்கு முன்பே ஒரு முறை இறங்கி ஏறலாம். நீந்தத் தயங்குபவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். நகரின் தெற்கே பெல்னெம் பகுதியில் வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். அமைதியான இடம், ஆனால் அங்கே விமானச் சத்தம் கொஞ்சம் கேட்கும்.

வண்டி இல்லாமல் பொனேர் இல்லை. பேருந்தை நம்பி இருக்க முடியாது. வாடகைக்குக் கொடுப்பது பெரும்பாலும் பிக்கப் டிரக்தான். ஈர உடையோடு ஏறலாம், உப்புத் தண்ணீர் சொட்டினாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பல வண்டிகளில் கியர் கையால் மாற்றுவது, தானியங்கிதான் ஓட்டுவீர்கள் என்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். இரவில் விளக்கில்லாத சாலையில் கழுதை குறுக்கே நிற்கும்.

ஒரு விஷயத்தை வண்டி கொடுப்பவர்களே சொல்வார்கள். கடற்கரையில் நிறுத்தும்போது வண்டியைப் பூட்டாதீர்கள், கண்ணாடியை இறக்கி விடுங்கள். உள்ளே எதையும் வைக்காதீர்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். நீங்கள் தண்ணீருக்குள் இருக்கும் ஒரு மணி நேரம் வண்டியைக் கவனிக்க ஆளில்லை என்பது திருடனுக்கும் தெரியும், பூட்டியிருந்தால் கண்ணாடியை உடைப்பான். கடவுச்சீட்டும் கைபேசியும் விடுதிப் பெட்டகத்தில் இருக்கட்டும். துண்டும் பழைய செருப்பும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் வண்டியில் போதும்.

எடுத்துப் போக வேண்டியவை

மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். மற்றதெல்லாம் தீவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்கும் முறை எளிது. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் மாஸ்க் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்கானது. கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் ஆயத்தமாகவே விற்கிறது. அதை ஊரிலேயே வாங்கி வருவது நல்லது. மங்கலாகப் பார்க்கவா இவ்வளவு தூரம்?

மீசை வைத்த நம் ஆட்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மாஸ்க்கின் கீழ் விளிம்பு மேலுதட்டில் ஒட்டும் இடத்தில் மயிர் இருந்தால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மூக்குக்கு நேர் கீழே ஒரு நூல் அளவு மழித்துவிட்டால் போதும். மனம் வரவில்லையென்றால் சிலிக்கோன் கிரீஸ் தடவலாம். வாசலின் வேண்டாம், அது நாளடைவில் மாஸ்க்கின் விளிம்பைக் கெடுக்கும். பெண்கள் நெற்றியோர முடி ஒன்றுகூட உள்ளே சிக்காமல் இழுத்துப் பின்னிக்கொள்ளுங்கள்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் தேய்த்துக் கழுவி, மீண்டும் தேய்த்துக் கழுவுங்கள். இதைச் செய்யாவிட்டால் எத்தனை முறை துடைத்தாலும் ஆவி படியும்.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் இப்போது எங்கும் விற்கிறது. மூக்கால் மூச்சு விடலாம் என்பதால் பழகாதவர்களுக்குக் கவர்ச்சியாக இருக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்ற முடியாது. மட்டமான தயாரிப்புகளில் வெளிவிட்ட மூச்சே உள்ளே சுற்றும் ஆபத்தும் உண்டு.

தடித்த அடிப்பாகம் உள்ள நீர்க்காலணி பொனேருக்கு அவசியம். அதன் மேல் மாட்டும் வகை ஃபின்னை, அதாவது கால் துடுப்பை, கேட்டு வாடகைக்கு எடுங்கள். வெறுங்காலில் மாட்டும் ஃபின்னோடு இந்தக் கரையில் இறங்குவது சித்திரவதை. முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை நீளும் லெகிங்ஸும் எடுத்துப் போங்கள். வெயிலுக்கு இதைவிடச் சிறந்த மருந்தில்லை, உடை குறித்த கூச்சமும் தீரும். இதைப் போட்டுக்கொண்டால் முகத்துக்கும் கைக்கும் மட்டும் சன்ஸ்கிரீன் பூசினால் போதும். ஆக்ஸிபென்சோனும் ஆக்டினோக்சேட்டும் கலந்த சன்ஸ்கிரீனை பொனேர் 2021 முதல் தடை செய்திருக்கிறது. துத்தநாக ஆக்சைடு சார்ந்தது வாங்குங்கள்.

மின்சாரம் 127 வோல்ட். கைபேசி சார்ஜர் வேலை செய்யும், ஊரிலிருந்து கொண்டு வந்த கெட்டில் செய்யாது.

நீந்தத் தெரியாதவர்களுக்கு: முதல் நாள்

நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது, அல்லது கிணற்றிலும் குளத்திலும் பழகிய அளவோடு சரி. ஸ்நார்கெலிங்குக்கு வேகமாக நீந்தத் தெரிய வேண்டியதில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு பதறாமல் மூச்சு விடத் தெரிய வேண்டும். அதை ஒரு பகலில் பழகலாம்.

தீவுக்கு வந்த அன்று ஆழத்துக்குப் போகாதீர்கள். நீண்ட விமானப் பயணத்தின் களைப்பு உடம்பில் இருக்கும். மறுநாள் காலை இடுப்பளவு தண்ணீர் உள்ள இடத்துக்குப் போங்கள். விடுதிக் குளம் போதும். தென்கிழக்கே லாக் விரிகுடாவில் உள்ள சோரோபொன் கடற்கரை இன்னும் நல்லது. கிழக்குக் கரையில் இருந்தாலும் வெளியே ஒரு பவளத்திட்டு அலையைத் தடுப்பதால், அங்கே நெடுந்தூரத்துக்கு ஆழமே கிடையாது. காற்றுப்பாய் சறுக்குபவர்கள் உலகெங்கிலிருந்தும் அங்கே வருவார்கள், அவர்கள் பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

முதலில் மாஸ்க் இல்லாமல், குழாயை மட்டும் வாயில் வைத்து, நின்றபடியே வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள். பிறகு மாஸ்க்கை மாட்டி, முகத்தைத் தண்ணீரில் வைத்து, நின்றபடியே முப்பது மூச்சு. எண்ணுங்கள். பத்தாவது மூச்சு வரை மார்பு படபடக்கும், இருபதுக்கு மேல் தானாக அடங்கும். அடங்கிய பிறகுதான் காலைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். காற்றடைத்த ஸ்நார்கெல் அங்கி போட்டிருந்தால் மிதப்பது எளிது. கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். அதைப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நன்றாக நீந்துபவர்களும் போடுகிறார்கள்.

அடுத்தது குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது. வேண்டுமென்றே குழாயை மூழ்கவிட்டு, ‘தூ’ என்று ஒரே வேகத்தில் ஊதுங்கள். தண்ணீர் மேலே பீய்ச்சிக்கொண்டு போகும். அடுத்த மூச்சை மெதுவாக இழுங்கள், மிச்சத் துளி இருந்தால் தொண்டைக்குப் போகாது. இது கைவந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். மாஸ்க்கில் தண்ணீர் சேர்ந்தால் தலையை வெளியே தூக்கி, கீழ் விளிம்பை லேசாக விலக்குங்கள், வடிந்துவிடும்.

காலை முட்டியிலிருந்து உதைக்காதீர்கள், இடுப்பிலிருந்து மெதுவாக அசையுங்கள். கையைப் பயன்படுத்தவே வேண்டாம், வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதங்கள்.

கரையில் இறங்கும் முறை

பொனேரின் மேற்குச் சாலையில் போகும்போது ஓரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் தெரியும். இடத்தின் பெயர் அதில் எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் கடலில் இறங்கும் ஒரு வாசல்.

வண்டியிலிருந்து இறங்கியதும் உடனே மாஸ்க்கை மாட்டாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். மிதவையில் கட்டியிருக்கும் படகு எந்தப் பக்கம் இழுபடுகிறது? காற்று ஓய்ந்த நாளில் அது நீரோட்டத்தின் திசையைக் காட்டும். சந்தேகமாக இருந்தால் இறங்கிய பிறகு அசையாமல் ஒரு நிமிடம் மிதந்து, கீழே இருக்கும் பாறை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்பதையும் மறக்காதீர்கள். மிதவைப் படுக்கையில் படுத்துத் தூங்கினால் குரசாவ் பக்கம் கண் விழிக்க நேரிடும்.

நீர்க்காலணியோடு, ஃபின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதத்தை வழுக்கியபடி இடுப்பளவு வரை நடங்கள். பாசி படிந்த கல் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது. இடுப்பளவு வந்ததும் நின்று ஃபின் மாட்டி, உடனே குப்புற மிதக்க ஆரம்பியுங்கள். கையை எங்கும் ஊன்றாதீர்கள். கருநிற நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலி பொந்துகளில் இருக்கும், குத்தினால் முள் உடைந்து உள்ளேயே தங்கிவிடும்.

முதலில் மணலும் சிதறிய பவளமும். பிறகு தண்ணீரின் நிறம் பச்சையிலிருந்து சட்டென்று நீலமாகும் ஒரு கோடு வரும். சுமார் பத்து மீட்டர் ஆழத்தில் பாறைத் தளம் முடிந்து சரிவு தொடங்கும் இடம் அது. முக்குளிப்பவர்கள் அந்தச் சரிவில் இறங்குவார்கள். நமக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கிறது. மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் வெளிச்சமும் அதிகம், மீனும் அதிகம்.

தலையை உள்ளே வைத்ததும் காதில் கறகறவென்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன்கள் அலகால் பாறையைச் சுரண்டித் தின்னும் ஓசை. ஒன்றையே பின்தொடர்ந்து பாருங்கள். சுரண்டும், நகரும், சற்று நேரத்தில் பின்னாலிருந்து வெள்ளைப் பொடி மேகம் ஒன்று கிளம்பிக் கரையும். பாசியைச் செரித்து, அரைத்த சுண்ணாம்பை வெளியேற்றுகிறது. கரீபியன் மணலில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான். நீங்கள் காசு கொடுத்துப் படுக்கும் வெள்ளை மணல் எது என்று இனி யோசிக்காமல் இருக்க முடியாது.

எந்த இடம், எந்த வரிசையில்

ஆரம்ப நாட்களுக்கு டே அமோ கடற்கரை. விமான நிலையத்தை ஒட்டி, மணல் உள்ள நுழைவு, மர நிழல் கொஞ்சம். அருகே வின்ட்சாக் என்ற இடமும் எளிது. வடக்கே பாரி ரீஃப், மீன் வகைகளின் எண்ணிக்கைக்குப் பேர் போனது. மணல் திட்டில் கண்ணை ஓட்டுங்கள், மயில்புள்ளித் தட்டைமீன் மணலின் நிறத்துக்கே மாறிப் படுத்திருக்கும், கண் மட்டும் மேலே துருத்திக்கொண்டிருக்கும். மேற்பரப்புக்கு அருகே கணவாய்கள் வரிசையாக நின்று உங்களையே பார்க்கும்.

கொஞ்சம் தைரியம் வந்த பிறகு ஆயிரம் படிகள் என்ற இடத்துக்குப் போங்கள். படிகள் உண்மையில் எழுபது வாக்கில்தான். முதுகில் சிலிண்டரைச் சுமந்து மேலே ஏறியவர்கள் வைத்த பெயர். அடிவாரத்தில் சுண்ணாம்புப் பாறைச் சுவரும், தீவிலேயே அழகான நீலமும். ஆமை பார்க்கும் வாய்ப்பும் இங்கே நல்லது. நம் மன்னார் வளைகுடா மீனவர்கள் அழுங்காமை, பேராமை என்பார்களே, அதே இரண்டு வகைகள்தான் இங்கும். அந்த இடத்தைத் தாண்டியதும் சாலை ஒருவழியாகிவிடும். திரும்பி வர ரிங்கோன் ஊர் வழியாகச் சுற்ற வேண்டும், அதையும் ஒரு பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே உப்புத் துறை. உப்பு ஏற்றும் பாலத்தின் தூண்களைச் சுற்றி மீன் கூட்டம் திரளும், தூண்களுக்கிடையே வெயில் கத்தைகளாக இறங்கும். பொனேரில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கப்பல் நிற்கும் நாளில் இறங்கக் கூடாது, சாலையிலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் இறங்காதீர்கள். காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை நான்கு மணிக்கு மேல் வேண்டுமானால் ஒன்று. நடுப்பகலில் நிழலில் படுத்திருங்கள். பட்டியல் போட்டுப் பத்து இடம் முடிப்பவர்களைவிட, ஒரே இடத்தில் நான்கு நாள் இறங்குபவர்களே அதிகம் பார்க்கிறார்கள்.

கிளைன் பொனேர்

நகருக்கு எதிரே, முக்கால் கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, ஆளில்லாத ஒரு தட்டைத் தீவு தெரியும். கிராலெண்டைக்கிலிருந்து படகு டாக்சி போகும். அங்கே ‘பெயரில்லாக் கடற்கரை’ என்றே ஒரு கடற்கரைக்குப் பெயர். பொனேரில் நல்ல மணல் இங்கேதான். படகுக்காரர்கள் நீரோட்டத்தின் மேல்முனையில் உங்களை இறக்கிவிடுவார்கள். காலை அசைக்காமலே ஓட்டம் உங்களைப் பவளத்தின் மேலாக இழுத்துக்கொண்டு வந்து கடற்கரையில் சேர்க்கும். இதைவிடச் சோம்பேறித்தனமான ஸ்நார்கெலிங் கிடையாது.

தீவில் கடை இல்லை, கழிப்பறை இல்லை, நிழல் அநேகமாக இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, திரும்பும் படகின் நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். ஆமைகள் முட்டையிடும் கரை என்பதால் மணலில் குடை நடுவதும் குழி தோண்டுவதும் வேண்டாம்.

கடல் பூங்காவின் விதிகள்

தீவைச் சுற்றிய கடல் முழுவதும், கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. அதற்கு முன்பே 1971-இல் ஈட்டி மீன்பிடியைத் தடை செய்துவிட்டார்கள். 1962-இல் இங்கே வந்து சேர்ந்த அமெரிக்கர் கேப்டன் டான் ஸ்டூவர்ட், நங்கூரம் பவளத்தை உடைப்பதைப் பார்த்துவிட்டு நிலையான மிதவைகளை நிறுவப் பாடுபட்டவர். இன்றைக்கு எந்தப் படகும் பவளத்தின் மேல் நங்கூரம் போட முடியாது.

நமக்கான விதி சுருக்கமானது: எதையும் தொடாதே, எதையும் எடுக்காதே, எதற்கும் தீனி போடாதே. கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டும் சங்கும் இதில் அடக்கம். 2023-இல் கல்பவளங்களின் திசுவை அழிக்கும் நோய் பொனேருக்கும் வந்துவிட்டது, மூளைப் பவளங்கள் பல வெள்ளையாகக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். ஓரிடத்தில் பயன்படுத்திய மாஸ்க்கையும் ஃபின்னையும் விடுதியில் வைத்திருக்கும் கிருமிநாசினித் தொட்டியில் முக்கிக் கழுவிய பிறகே அடுத்த இடத்துக்குக் கொண்டு போங்கள்.

நீருக்கு வெளியே ஒரு நாள்

தெற்கு வட்டச் சாலையில் ஒரு மாலை. ஒரு பக்கம் வெள்ளை மலைகளாகக் குவித்த உப்பு, இன்னொரு பக்கம் கடல். இடையில் சாலையோரமாகச் சிறு சிறு கல் குடிசைகள். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம், தவழ்ந்துதான் நுழைய வேண்டும். உப்பளத்தில் வேலை வாங்கப்பட்ட அடிமைகள் இரவில் முடங்க 1850 வாக்கில் கட்டப்பட்டவை. அவர்கள் குடும்பங்கள் இருந்தது வடக்கே ரிங்கோனில். வாரக் கடைசியில் ஏழு மணி நேரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவார்களாம். டச்சுக்காரர்களின் கரீபியன் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது 1863-இல். படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பாமல், ஒரு குடிசைக்குள் குனிந்து உட்கார்ந்து பாருங்கள்.

அருகில் பெக்கெல்மேர் பூநாரைச் சரணாலயம். உள்ளே அனுமதி இல்லை, சாலையிலிருந்து பார்க்கலாம். தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள்.

வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். மண் பாதை, நீளமான சுற்று 34 கிலோமீட்டர், குறுகியது 24. சிறிய காரில் போகாதீர்கள். காலை எட்டு மணிக்குத் திறக்கும், பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். இயற்கைக் கட்டண ரசீதும் அடையாள அட்டையும் கேட்பார்கள். போக்கா ஸ்லாக்பாயிலும் வயாக்காவிலும் இறங்கி மீன் பார்க்கலாம். சாப்பாடும் தண்ணீரும் கையோடு.

சாப்பாடு

பெரும்பாலும் எல்லாமே கப்பலில் வரும் தீவு, விலை உறைக்கும். சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் பாதிச் செலவு மிச்சம். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய்கறி கிடைக்கும். புளியும் சாம்பார்ப் பொடியும் ஊரிலிருந்து. குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, தயங்காமல் குடிக்கலாம்.

அசைவம் சாப்பிடுபவர்கள் காப்ரிட்டு ஸ்டோபா என்ற ஆட்டிறைச்சிக் குழம்பைத் தவறவிடாதீர்கள். கூடவே ஃபுஞ்சி தருவார்கள், சோள மாவில் கிண்டிய களிதான். நாட்டுப்புறக் கடைகளில் மதியம் மட்டும் கிடைக்கும். லயன்ஃபிஷ் எங்கேயாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள். இந்தியப் பசிபிக் கடலிலிருந்து வந்து சேர்ந்த வந்தேறி மீன், பொனேரில் முதலில் கண்ணில் பட்டது 2009-இல். உள்ளூர்க் குஞ்சு மீன்களைத் தின்று தீர்ப்பதால் அதை மட்டும் வேட்டையாட அனுமதி உண்டு. முள் நீக்கிப் பொரித்தால் வெள்ளைச் சதை, இதமான ருசி. சைவக்காரர்கள் தென் அமெரிக்க நாடான சூரினாமின் உணவு விற்கும் கடைகளில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கேட்கலாம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் வட இந்தியாவிலிருந்து அந்த நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கைப்பக்குவம் அது.

கிளம்பும் நாள்

முந்தின நாள் மாலையே வாடகைப் பொருட்களைக் கழுவிக் கொடுத்துவிடுங்கள். ஸ்நார்கெலிங் மட்டும் செய்தவர்களுக்கு விமானம் ஏறுவதில் தடையில்லை, காலையில்கூட ஒருமுறை இறங்கலாம். சிலிண்டர் மாட்டி முக்குளித்தவர்கள் குறைந்தது பதினெட்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். நீர்க்காலணிக்குள் சிக்கிய பவளத் துணுக்குகளைக் கடற்கரையிலேயே தட்டிக் கொட்டுங்கள். குழந்தைகளின் பையையும் ஒருமுறை திறந்து பாருங்கள், சங்கும் கிளிஞ்சலும் அங்கேதான் இருக்கும்.